ஒரு தலைப்பு, மூணு ஆறு: வீட்டு சர்வருக்கு ரிவர்ஸ் ப்ராக்ஸி போடுறது எப்படி, முழுமையான வழிகாட்டி

குறுவைக்கு நாத்து விட்டிருந்த சமயம், ஒரு நாள் சாயங்காலம் சிங்கப்பூர்லேந்து மச்சான் போன் பண்ணான். "என்ன அத்தான் இது, வீட்டு போட்டோ பாக்கலாம்னு நீங்க குடுத்த அட்ரஸ அடிச்சா ஒரே நம்பரா இருக்கு, கடைசில ஒரு 2283 வேற, உள்ள போனா பாதுகாப்பு இல்லன்னு ப்ரௌசர் கத்துது, பக்கத்துல உக்காந்திருந்த அம்மா பயந்துட்டாங்க"ன்னான். அவன் சொன்னதுல தப்பே இல்ல. அப்ப நான் பண்ணி வச்சிருந்தது அப்படித்தான், ரவுட்டர்ல மூணு போர்ட்ட (ஒவ்வொரு ஆப்புக்கும் இருக்க நம்பர் போட்ட கதவு) தொறந்து விட்டுட்டு நம்ம பெரிய ஆளுன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

வீட்ல என்ன ஓடுதுன்னு மொதல்ல சொல்லிடுறேன், இல்லன்னா பின்னாடி குழம்பும். ஒரு பழைய லேப்டாப், டெபியன் லினக்ஸ் போட்டு மாடிப்படிக்கு கீழ வச்சிருக்கேன். அதுல ஹோம் அசிஸ்டன்ட், போர்ட் 8123, கொல்லையில போர் மோட்டார் ஓடுதா, த்ரீ ஃபேஸ் வந்துடுச்சா, தொட்டி ரொம்பிடுச்சான்னு பாக்க. ரெண்டாவது இம்மிச், போர்ட் 2283, குடும்ப போட்டோ எல்லாம் அதுல. மூணாவது ஜெல்லிஃபின், போர்ட் 8096, தாத்தா சேத்து வச்சிருந்த நாதஸ்வர கேசட்ட எல்லாம் டிஜிட்டல் ஆக்கி அதுல போட்டிருக்கேன்.

இந்த மூணுத்துக்கும் வெளியிலேந்து ஒரே ஒரு வாசல் வச்சு, அந்த வாசல்ல நிக்கிறவன் வர்ற ஆள் எந்த பேர சொல்லிட்டு வர்றான்னு பாத்து உள்ள சரியான எடத்துக்கு அனுப்புறதுக்கு பேருதான் ரிவர்ஸ் ப்ராக்ஸி. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு பாத்தவங்களுக்கு இத வெளக்கவே வேண்டாம். வர்றது ஒரே வெண்ணாறு, தலைப்புல ஷட்டர் வச்சு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரிச்சு விடுறாங்க, எதுல எவ்ளோ போகணும்னு அங்கயே முடிவாகுது, கீழ வயல்ல இருக்கவன் மேல என்ன நடக்குதுன்னு கவலப்பட வேண்டியதில்ல. அதனாலயே என்னோட மூணு சப்டொமைனுக்கும் (ஒரே டொமைனுக்கு முன்னாடி வர்ற தனித்தனி பேர்) வெண்ணாறு, கோரையாறு, பாமணின்னு பேர் வச்சேன். இது சும்மா ஊர்ப்பாசம் மட்டும் இல்ல, அதுல ஒரு பாதுகாப்பு காரணமும் இருக்கு, கீழ சொல்றேன்.

ஒரு விஷயம். மச்சானுக்கு போன்ல சொன்ன மாதிரியே எல்லா கட்டளையையும் தமிழ் எழுத்துலயே எழுதுறேன், டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிச்சுக்கங்க, ஆனா Caddyfile, Unit, After, Wants, HandleLidSwitch இதுல மட்டும் பெரிய எழுத்து இப்படியே வரணும்.

இன்னொன்னு, நீங்க ஒருத்தர் மட்டும் உங்க போன்லேந்து பாக்குறதுக்குன்னா இந்த வேலையே வேணாம். டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் போட்டுட்டு போய் தூங்குங்க. அம்மா, மச்சான், சித்தி பொண்ணுன்னு பத்து பேர் பாக்கணும், அவங்க போன்ல எதையும் இன்ஸ்டால் பண்ண சொல்லி மாரடிக்க முடியாதுன்னு இருந்தா மட்டும் மேல படிங்க.

மொதல்ல பாக்க வேண்டியது: உங்க லைனுக்கு சொந்தமா ஐபி இருக்கா

முக்கால்வாசி பேர் மாட்டிக்கிறது இங்கதான், அதனால கொஞ்சம் நின்னு பாத்துடுவோம். ஐபின்னா நெட்ல ஒரு லைனுக்கோ மெஷினுக்கோ இருக்க நம்பர் முகவரி. ரவுட்டர் பக்கத்துக்குள்ள போயி வான் ஐபின்னு (WAN IP, ரவுட்டரோட வெளிப்பக்க ஐபி) இருக்கிறத குறிச்சிக்கங்க. அப்புறம் கூகுள்ல என் ஐபி என்னன்னு தேடி வர்ற நம்பரையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா உங்களுக்கு பப்ளிக் ஐபி இருக்கு, கும்பிட்டுக்கங்க. வேற வேறயா இருந்தா, அதுலயும் ரவுட்டர்ல இருக்கறது 100.64லேந்து 100.127 வரைக்கும் ஆரம்பிக்கிற நம்பரா இருந்தா, நீங்க சிஜிநாட்டுக்கு பின்னாடி இருக்கீங்க. இந்த நம்பர் வரிசைய 2012ல இதுக்குன்னே ஒதுக்கி வச்சாங்க. கம்பெனிக்காரன் ஒரு பப்ளிக் ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுக்கிறான்னு அர்த்தம். நீங்க ரவுட்டர்ல எத்தன போர்ட்ட தொறந்தாலும் வெளியிலேந்து ஒரு சொட்டு தண்ணி உள்ள வராது, ஏன்னா மேல இருக்க ஷட்டர் உங்க கையில இல்ல.

எனக்கு ஆரம்பத்துல பப்ளிக் ஐபி இருந்துச்சு. ஒரு நாள் லைன்காரங்க சொல்லாம கொள்ளாம மாத்திட்டாங்க. நான் ரெண்டு நாள் முழுக்க ரவுட்டர ரீசெட் பண்றது, ஃபயர்வால நோண்டுறது, லேப்டாப்ப திட்டுறதுன்னு ஓட்டிட்டு மூணாவது நாள்தான் வான் ஐபிய பாத்தேன், 100ல ஆரம்பிச்சுச்சு.

இதுக்கு வழி மூணு நாலு இருக்கு. லைன்காரங்ககிட்ட காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி (மாறாத பப்ளிக் ஐபி) கேக்கலாம், குடுத்தா அதுதான் சுலபம். ஐபிவி6 (புது வகை நீள ஐபி) இருந்தா அதுலயே ஓட்டலாம், ஆனா பாக்குறவங்க பக்கமும் ஐபிவி6 இருக்கணும், சித்தப்பா ஆபீஸ் நெட்ல இல்லன்னா அவருக்கு தெறக்காது. க்ளவுட்ஃப்ளேர் டனல்னு ஒண்ணு இருக்கு, காசில்லாம கெடைக்கும், பப்ளிக் ஐபி வேண்டியதில்ல, நல்ல சாமான்தான், ஆனா ஃப்ரீ ப்ளான்ல ஒரு தடவைக்கு 100 எம்பிக்கு மேல அப்லோட் போகாது, இம்மிச்ல கல்யாண வீடியோ ஏத்துறப்ப பாதில நின்னுடும். நான் எடுத்தது நாலாவது வழி: மும்பையிலயோ பெங்களூர்லயோ சிங்கப்பூர்லயோ ஒரு சின்ன விபிஎஸ் (பப்ளிக் ஐபியோட நெட்ல கெடைக்கிற சர்வர்) வாடகைக்கு எடுத்து, அதுல ப்ராக்ஸிய வச்சு, அங்கேந்து வீட்டுக்கு வயர்கார்டுங்கிற விபிஎன்ல ஒரு சுரங்கம் போட்டேன். 1 ஜிபி ராம் இருக்க விபிஎஸ் தாராளம்.

பப்ளிக் ஐபி இருக்கவங்க அடுத்த பகுதிய தாண்டிடலாம். ப்ராக்ஸிய வீட்டு மெஷின்லயே வச்சு, ரவுட்டர்ல 80, 443 ரெண்டு போர்ட்ட மட்டும் அதுக்கு திருப்பி விட்டுட்டு, நான் 10.77.0.2ன்னும் 10.77.0.1ன்னும் எழுதுற எடத்துல எல்லாம் 127.0.0.1ன்னு போட்டுக்கங்க. ஐபி அப்பப்ப மாறுற லைனா இருந்தா டைனமிக் டிஎன்எஸ் (டிஎன்எஸ்னா டொமைன் பேருக்கு ஐபி என்னன்னு சொல்ற அட்டவணை, அத தானா புதுப்பிக்கிறது) ஒண்ணும் சேத்துக்கணும்.

வயர்கார்டு சுரங்கம்

வயர்கார்டு 2020லேந்து லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இருக்கு, 5.6ல சேத்தாங்க. அதனால ரெண்டு பக்கமும் வயர்கார்டு டூல்ஸ் மட்டும் ஆப்ட்ல இன்ஸ்டால் பண்ணா போதும். ரெண்டு மெஷின்லயும் தனித்தனியா டபிள்யூஜி ஜென்கீ போட்டு ஒரு ப்ரைவேட் கீ, அதுலேந்து டபிள்யூஜி பப்கீ போட்டு ஒரு பப்ளிக் கீ எடுத்துக்கங்க. ப்ரைவேட் கீ அந்தந்த மெஷின விட்டு நகரக்கூடாது, பப்ளிக் கீய மட்டும் மாத்திக்கிறோம், சம்பந்தி வீட்டு தாம்பூலம் மாதிரி.

விபிஎஸ் பக்கம் கான்ஃபிக்ல அட்ரஸ் 10.77.0.1/24, லிஸன்போர்ட் 51820, பியர் பகுதியில வீட்டு மெஷினோட பப்ளிக் கீ, அலவுட்ஐபிஸ் 10.77.0.2/32. வீட்டு பக்கம் அட்ரஸ் 10.77.0.2/24, பியர் பகுதியில விபிஎஸ்ஸோட பப்ளிக் கீ, எண்ட்பாயிண்ட்ல விபிஎஸ் ஐபி போட்டு :51820, அலவுட்ஐபிஸ் 10.77.0.1/32, கடைசியா பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25. இந்த 25 ரொம்ப முக்கியம். வீட்லேந்துதான் விபிஎஸ்ஸ கூப்பிட முடியும், அது வீட்ட கூப்பிட முடியாது, நடுவுல நாட் (ஒரு ஐபிய பங்கு போட்டு குடுக்கிற எடம்) இருக்கு. 25 செகண்டுக்கு ஒரு தடவ சின்னதா ஒரு பாக்கெட் போயிட்டே இருந்தாதான் அந்த வழி மூடாம இருக்கும். இத மறந்தீங்கன்னா அஞ்சு நிமிஷம் வேலை செய்யும், டீ குடிச்சிட்டு வந்து பாத்தா செத்துப் போயிருக்கும்.

எண்ட்பாயிண்ட்ல டொமைன் பேர் போடாம நேரா ஐபி நம்பரையே போடுங்க. நம்ம ஊர்ல கரண்ட் போயி வர்றப்ப லேப்டாப் ரெடியா இருக்கும், ரவுட்டர் அப்பத்தான் கண்ண தொறக்கும், டிஎன்எஸ் கெடைக்காம பேர் தெரியாம வயர்கார்டு தடுமாறும்.

ரெண்டு பக்கமும் டபிள்யூஜி-குயிக்க சிஸ்டம்சிடிஎல்ல எனேபிள் பண்ணிட்டு, வீட்லேந்து 10.77.0.1க்கு பிங் அடிங்க. பதில் வரலன்னா டபிள்யூஜி ஷோ போட்டு லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்குன்னு ஒரு வரி வருதான்னு பாருங்க. அந்த வரியே இல்லன்னா பத்துல ஒம்போது தடவ விபிஎஸ் ஃபயர்வால்தான். அதுல ஒரு சூது இருக்கு, விபிஎஸ்ல ரெண்டு ஃபயர்வால் இருக்கலாம், மெஷினுக்குள்ள யூஎஃப்டபிள்யூ ஒண்ணு, கம்பெனியோட கண்ட்ரோல் பேனல்ல இன்னொன்னு. 51820 யூடிபிய ரெண்டுலயும் தொறக்கணும், டிசிபி இல்ல, யூடிபி. கூடவே 80, 443 ரெண்டையும் டிசிபில தொறந்து வச்சிடுங்க, பின்னாடி வேணும்.

டொமைன்

ஒரு டொமைன் வாங்குங்க, எது மலிவோ அது. டிஎன்எஸ் பக்கத்துல வெண்ணாறு, கோரையாறு, பாமணின்னு மூணு ஏ ரெக்கார்ட் (இந்த பேருக்கு இந்த ஐபின்னு எழுதுற வரி), மூணுமே விபிஎஸ்ஸோட ஐபிக்கு. பழைய ஏஏஏஏ ரெக்கார்ட் (ஐபிவி6க்கான வரி) ஏதாவது கெடந்தா அழிச்சிடுங்க. எச்டிடிபிஎஸ் பூட்டுக்கான சர்ட்டிஃபிகேட் குடுக்கிற லெட்ஸ் என்க்ரிப்ட் ஐபிவி6 அட்ரஸ் இருந்தா அதத்தான் மொதல்ல தட்டும், அங்க வேற யாராவது உக்காந்திருந்தா வேலை கெட்டுடும். பேர பிங் பண்ணி விபிஎஸ் ஐபி வருதான்னு பாத்துட்டுதான் அடுத்ததுக்கு போகணும், அவசரப்பட்டா என்னாகும்னு கீழ சொல்றேன்.

உள்ள இருக்கறத மூடுறது

வாசல் கட்டுறதுக்கு முன்னாடி கொல்லப்பக்க கதவ சாத்தணும். டாக்கர்ல (ஆப்ப தனித்தனி பெட்டியா ஓட்டுற மென்பொருள்) ஓடுற சாமான்ல ஒரு பெரிய பொறி இருக்கு: கம்போஸ் ஃபைல்ல போர்ட்ஸ் வரியில வெறும் 2283:2283ன்னு போட்டா அது எல்லா பக்கமும் தொறந்துக்கும், அதுவும் யூஎஃப்டபிள்யூல நீங்க மூடி வச்சிருந்தாலும் டாக்கர் தன்னோட விதிய அதுக்கு முன்னாடி போட்டுக்கும், யூஎஃப்டபிள்யூ வரப்பு கட்டிட்டு நிக்கும், தண்ணி பக்கத்து வழியா போயிடும். அதனால 10.77.0.2:2283:2283ன்னு முன்னாடி ஐபி சேத்து எழுதுங்க, அப்ப சுரங்கத்து வழியா மட்டும்தான் தெறக்கும். வீட்டு வைஃபைலேந்தும் நேரா பாக்கணும்னா 192.168ல ஆரம்பிக்கிற அந்த மெஷினோட ஐபிய வச்சு இன்னொரு வரி சேத்துக்கலாம்.

இதுல எனக்கு ஒரு அடி விழுந்துச்சு. ஒரு நாள் மழை காத்துல கரண்ட் ரொம்ப நேரம் போயி லேப்டாப் பேட்டரியும் தீந்துடுச்சு, திரும்ப வந்தப்ப இம்மிச்சும் ஜெல்லிஃபினும் எந்திரிக்கவே இல்ல. லாக் பாத்தா 10.77.0.2ங்கிற அட்ரஸ ஒதுக்க முடியலன்னு இருக்கு. என்ன நடந்துச்சுன்னா டாக்கர் மொதல்ல எந்திரிச்சிருக்கு, வயர்கார்டு அதுக்கப்புறம், இல்லாத அட்ரஸ்ல கடை போட சொன்னா எப்படி போடும். சூடோ சிஸ்டம்சிடிஎல் எடிட் டாக்கர் போட்டு, யூனிட் பகுதியில ஆஃப்டர் = டபிள்யூஜி-குயிக்@டபிள்யூஜி0.சர்வீஸ்னு ஒரு வரி, அதே பேர வச்சு வான்ட்ஸ்னு இன்னொரு வரி சேத்தேன், அதோட தீந்துச்சு.

ஹோம் அசிஸ்டன்ட்ட டாக்கர்ல போடுறவங்க பொதுவா ஹோஸ்ட் நெட்வொர்க்லதான் ஓட்டுவாங்க, அதுக்கு இந்த போர்ட்ஸ் வரி பொருந்தாது. வீட்டு ரவுட்டர்ல எதையும் தொறக்காம இருந்தா அதுவே போதுமான தடுப்பு.

கேடி

ப்ராக்ஸின்னா நெறைய பேர் எஞ்சின்எக்ஸ் (nginx) போடுவாங்க. ரஷ்யாக்காரர் இகோர் சிசோயெவ் எழுதி 2004ல வெளியிட்டது, உலகம் முழுக்க ஓடுது, கொறையே சொல்ல முடியாது. ஆனா வீட்டு வேலைக்கு நான் கேடி (Caddy)தான் போடுவேன். பேருதான் கேடி, நடத்தையில ரொம்ப ஒழுக்கம்: சர்ட்டிஃபிகேட் அதுவே வாங்கும், அதுவே புதுப்பிக்கும், எச்டிடிபில வர்றவன எச்டிடிபிஎஸ்ஸுக்கு அதுவே திருப்பும், வெப்சாக்கெட்டுக்கு (ப்ரௌசரும் ஆப்பும் விடாம பேசிக்கிற கனெக்ஷன்) தனியா எதுவும் சொல்ல வேண்டியதில்ல.

கேடியோட சொந்த ஆப்ட் ரெப்போவ சேத்து விபிஎஸ்ல இன்ஸ்டால் பண்ணுங்க. அப்புறம் /ஈடிசி/கேடி/கேடிஃபைல்ங்கிற ஃபைல தொறந்து உள்ள இருக்கறத எல்லாம் அழிச்சிட்டு இத போடுங்க:

வெண்ணாறு.உங்கடொமைன்.இன் {
    ரிவர்ஸ்_ப்ராக்ஸி 10.77.0.2:8123
}

கோரையாறு.உங்கடொமைன்.இன் {
    ரிவர்ஸ்_ப்ராக்ஸி 10.77.0.2:2283
}

பாமணி.உங்கடொமைன்.இன் {
    ரிவர்ஸ்_ப்ராக்ஸி 10.77.0.2:8096
}

அவ்ளோதான், நெஜமாவே அவ்ளோதான். ஆனா ரீலோட் அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பொறுங்க.

லெட்ஸ் என்க்ரிப்ட் காசு வாங்காது, ஆனா கணக்கு வச்சிருக்கும். ஒரே பேருக்கு ஒரு மணி நேரத்துல 5 தடவ சோதனையில ஃபெயில் ஆனா கொஞ்ச நேரம் கதவ சாத்திடும், ஒரே பேர் பட்டியலுக்கு வாரத்துக்கு 5 சர்ட்டிஃபிகேட்டுக்கு மேல குடுக்காது. டிஎன்எஸ் சரியில்லாம, 80 தொறக்காம திரும்ப திரும்ப தட்டுனீங்கன்னா இதுல மாட்டுவீங்க. அதனால மொத தடவ கேடிஃபைல் தலையில தனியா ஒரு அடைப்புக்குள்ள ஏசிஎம்இ_சிஏன்னு எழுதி லெட்ஸ் என்க்ரிப்ட்டோட ஸ்டேஜிங் முகவரிய குடுங்க. அது ஒத்திகை மாதிரி, ப்ரௌசர் நம்பாத சர்ட்டிஃபிகேட்தான் வரும், ஆனா வழி சரியா இருக்குன்னு தெரிஞ்சிடும். வந்ததும் அந்த வரிய எடுத்துடுங்க.

கேடி வேலிடேட் போட்டு ஃபைல் சரியான்னு பாத்துட்டு, சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீலோட் கேடி. ரீஸ்டார்ட் வேணாம், ரீலோட் பண்ணா கேடி நிக்காமலே புது கான்ஃபிக்குக்கு மாறிடும், கான்ஃபிக்ல தப்பு இருந்தாலும் பழசே ஓடிட்டு இருக்கும். இன்னொரு டெர்மினல்ல ஜர்னல்சிடிஎல் மைனஸ் யூ கேடி மைனஸ் எஃப் போட்டு விட்டு வேடிக்கை பாருங்க, சர்ட்டிஃபிகேட் கெடைச்சுதுன்னு வரி ஓடும். 90 நாள் செல்லுபடி ஆகுற சர்ட்டிஃபிகேட்னா கடைசி மூணுல ஒரு பங்கு நாள் இருக்கப்பவே கேடி புதுசு வாங்கிடும். கேடிய டாக்கர்ல ஓட்டுறவங்க மட்டும் /டேட்டா ஃபோல்டர வால்யூமா வெளிய எடுத்து வைக்கணும், இல்லன்னா கன்டெய்னர புதுசா கட்டுறப்ப எல்லாம் சர்ட்டிஃபிகேட்டும் புதுசா கேக்கும், வாரத்துக்கு 5ங்கிற கணக்கு ரெண்டே நாள்ல காலி.

ஹோம் அசிஸ்டன்ட் மட்டும் 400னு சொல்லும்

கோரையாறும் பாமணியும் இப்ப தெறந்திருக்கும், வெண்ணாறு மட்டும் 400 பேட் ரிக்வெஸ்ட்னு மூஞ்சில அடிக்கும். பயந்துடாதீங்க, அது கெட்டுப் போகல, சரியாத்தான் இருக்கு.

ப்ராக்ஸி வந்ததும் உள்ள இருக்க ஆப்புக்கு எல்லாருமே 10.77.0.1லேந்து வர்ற மாதிரிதான் தெரியும். உண்மையான ஆள் யாருன்னு சொல்றதுக்கு கேடி எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்னு ஒரு ஹெட்டர்ல ஐபிய எழுதி அனுப்பும். ஆனா ஹெட்டர யாரு வேணா எழுதலாமே, கலெக்டர் ஆபீஸ்லேந்து வர்றேன்னு எவனும் ஒரு சீட்டு எழுதிட்டு வர முடியும்ல. அதனால எந்த ஆள் கொண்டு வர்ற சீட்ட நம்பலாம்னு நாம சொல்ற வரைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் நம்பாது. கான்ஃபிகரேஷன்.யாம்ல் ஃபைல்ல இத சேக்கணும்:

எச்டிடிபி:
  யூஸ்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார்: ட்ரூ
  ட்ரஸ்டட்_ப்ராக்ஸிஸ்:
    - 10.77.0.1
  ஐபி_பேன்_எனேபிள்ட்: ட்ரூ
  லாகின்_அட்டெம்ப்ட்ஸ்_த்ரெஷோல்ட்: 5

டேப் அடிக்காதீங்க, ஸ்பேஸ்தான், யாம்லுக்கு டேப் ஆகாது. கீழ ரெண்டு வரி, 5 தடவ பாஸ்வேர்ட தப்பா அடிக்கிற ஐபிய தடுத்துடும். சேவ் பண்ணி ஹோம் அசிஸ்டன்ட்ட ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்பவும் 400ன்னா அதோட லாக்ல எந்த ஐபிய நம்பலன்னு அதுவே எழுதியிருக்கும். டாக்கர் நடுவுல இருந்தா 172ல ஆரம்பிக்கிற ஏதாவது ஒண்ணா இருக்கலாம், அத சேத்தா சரியாயிடும். சோம்பேறித்தனமா 0.0.0.0/0னு போட்டு எல்லாரையும் நம்புறேன்னு எழுதாதீங்க, அப்புறம் சீட்டு பாக்குறதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.

இதே கத வேற ஆப்புலயும் வரும், ஆனா 400 வராம வேற மாதிரி வரும். உண்மையான ஐபி தெரியாத ஆப், அஞ்சு தடவ தப்பா அடிச்சவன தடுக்குறேன்னு சொல்லி ப்ராக்ஸியையே தடுத்துடும், ஊரே வெளிய நிக்கும். ஜெல்லிஃபின்லயும் நெட்வொர்க் செட்டிங்ல நம்பகமான ப்ராக்ஸின்னு ஒரு கட்டம் இருக்கு, 10.77.0.1 போட்டுடுங்க.

எஞ்சின்எக்ஸ்தான் வேணும்ங்கிறவங்களுக்கு

சுருக்கமா சொல்றேன். ப்ராக்ஸி_பாஸ்ல உள் அட்ரஸ், ஹோஸ்ட் ஹெட்டர், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ மூணையும் ப்ராக்ஸி_செட்_ஹெட்டர்ல நாமளே எழுதணும். ப்ராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1, அப்புறம் அப்கிரேட், கனெக்ஷன் ரெண்டு ஹெட்டரும் வேணும், இல்லன்னா வெப்சாக்கெட் போகாது, ஹோம் அசிஸ்டன்ட்ல லாகின் பக்கம் வரும், உள்ள போனதும் சுத்திட்டே இருக்கும். க்ளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் எதுவும் சொல்லலன்னா 1 எம்பிதான், இம்மிச்ல ஒரு போட்டோ கூட ஏறாம 413னு வரும், அத 0ன்னு போட்டா வரம்பு இல்ல. ப்ராக்ஸி_பாஸ் கடைசில ஒரு சாய்வு கோடு இருக்கா இல்லையாங்கிறதுக்கு ஏத்த மாதிரி உள்ள போற பாதையே மாறும், இதுல மாட்டாத ஆள் கெடையாது, அதனாலதான் ஒரே டொமைனுக்கு கீழ /போட்டோ, /பாட்டுன்னு பிரிக்காம ஆளுக்கொரு சப்டொமைன் குடுக்க சொல்றேன். ஹோம் அசிஸ்டன்ட் அப்படி சாய்வு கோட்டுக்கு பின்னாடி உக்காரவே உக்காராது. மாத்துன ஒவ்வொரு தடவையும் எஞ்சின்எக்ஸ் மைனஸ் டி போட்டு சரிபாத்துட்டு ரீலோட்.

கொள்ளிடம்

இப்ப பேர் வச்ச காரணம். சர்ட்டிஃபிகேட் வாங்குன நிமிஷமே அந்த பேர் சர்ட்டிஃபிகேட் ட்ரான்ஸ்பரன்சி லாக்னு ஒரு பொது பட்டியல்ல ஏறிடும், யார் வேணா பாக்கலாம். அத பாத்துட்டே உக்காந்திருக்க பாட் (bot, தானா ஓடுற ப்ரோக்ராம்) எல்லாம் கொஞ்ச நேரத்துலயே வந்து கதவ தட்ட ஆரம்பிக்கும். கேமரா, மோட்டார், போட்டோன்னு பேர் வச்சா உள்ள என்ன இருக்குன்னு நாமளே போர்டு எழுதி மாட்டுன மாதிரி. பாமணின்னு வச்சா அதுல நாதஸ்வரம் ஓடுதுன்னு எவனுக்கு தெரியும். இது பூட்டு இல்ல, பூட்டு தனியா போடணும், ஆனா போர்டு மாட்டாம இருக்கலாம்ல.

பேரே சொல்லாம வெறும் ஐபிய வச்சு வர்ற கூட்டம்தான் ஜாஸ்தி. வெள்ளம் வந்தா டெல்டாவுக்குள்ள விடாம கொள்ளிடத்துல தள்ளி விடுற மாதிரி இவங்களுக்குன்னு ஒரு வழி வச்சிடணும். கேடிஃபைல் கடைசில :80ன்னு ஒரு அடைப்பு தொறந்து உள்ள அபார்ட்னு (abort) ஒரே வார்த்தை, பதிலே சொல்லாம கனெக்ஷன வெட்டிடும். எச்டிடிபிஎஸ்ல ஐபிய வச்சு வந்தா அந்த பேருக்கு சர்ட்டிஃபிகேட்டே இல்லாததால தானா முறிஞ்சிடும். நம்ம மூணு சப்டொமைனுக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு திருப்பி விடுறது இதனால கெடாது, கேடி அத முன்னாடியே வச்சுக்கும்.

பூட்டுன்னா, ஹோம் அசிஸ்டன்ட்ல டூ ஃபேக்டர் கண்டிப்பா போடுங்க. மோட்டார் சம்பந்தப்பட்டது, எவனோ ஒருத்தன் எங்கேயோ உக்காந்துட்டு நம்ம போர ஆன் பண்ணக்கூடாது. நான் நெட் வழியா மோட்டார ஆஃப் மட்டும்தான் பண்ண முடியிற மாதிரி வச்சிருக்கேன், ஆன் பண்ணனும்னா கொல்லைக்குத்தான் போகணும். ட்ரை ரன் தடுப்பும் ஓவர்லோடும் ஸ்டார்ட்டர் பெட்டியிலயே இருக்கணும், இன்டர்நெட்ட நம்பி அத விடக்கூடாது. கேடில பேசிக்_ஆத்னு முன்னாடி ஒரு பாஸ்வேர்ட் போடுற வசதி இருக்கு, ப்ரௌசருக்கு நல்லா இருக்கும், ஆனா மொபைல் ஆப்ஸ் நெறைய அத தாண்ட தெரியாம முழிக்கும், அதனால நான் போடல. விபிஎஸ்ல எஸ்எஸ்எச்சுக்கு பாஸ்வேர்ட் லாகின நிறுத்திட்டு கீ மட்டும் வச்சுக்கங்க. இன்னொரு உண்மையையும் சொல்லிடணும், என் முறையில பூட்டு தெறக்குறது விபிஎஸ்லதான், அங்கேந்து சுரங்கத்துக்குள்ள வேற பூட்டு போட்டு போகுது, நடுவுல ஒரு நொடி விபிஎஸ்ல வெறுமையா இருக்கும். குடும்ப போட்டோவுக்கு எனக்கு இது பரவால்ல. உங்களுக்கு ஆகாதுன்னா கேடிய வீட்ல வச்சு விபிஎஸ்ஸ வெறும் குழாயா மட்டும் பயன்படுத்தலாம், வேலை கொஞ்சம் கூட.

ஏதாவது கோளாறுன்னா

502 வந்தா கேடி நல்லா இருக்கு, உள்ள இருக்க ஆப்தான் இல்ல, இல்லன்னா சுரங்கம் அறுந்திருக்கு. விபிஎஸ்லேந்து கர்ல் போட்டு 10.77.0.2:8123 பதில் சொல்லுதான்னு பாருங்க, சொல்லலன்னா பிங், பிங்கும் போகலன்னா டபிள்யூஜி ஷோ. இந்த வரிசைய மாத்தாதீங்க, தண்ணி வரலன்னா கடைமடையிலேந்து மேல ஏறித்தான் எங்க அடைப்புன்னு பாப்போம், நேரா மேட்டூருக்கு பஸ் ஏற மாட்டோம். 504னா ஆப் உயிரோட இருக்கு, பதில் சொல்ல நேரமாகுது, எஞ்சின்எக்ஸ்ல 60 செகண்ட்தான் பொறுக்கும், ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட்ட கூட்டணும். ஒண்ணுமே வராம சுத்திட்டே இருந்து டைம்அவுட் ஆனா ஃபயர்வால். வெளியிலேந்து தெறக்குது, வீட்டு வைஃபைல மட்டும் தெறக்கலன்னா, வீட்லயே கேடி வச்சிருக்கவங்களுக்கு அது ரவுட்டரோட ஹேர்பின் நாட் பிரச்சன (உள்ளேந்து சொந்த வெளி ஐபிக்கே திரும்பி வர விடாதது), ரவுட்டர் டிஎன்எஸ்ல அந்த பேருக்கு உள் ஐபிய குடுத்துட்டா போயிடும்.

லேப்டாப் மூடிய சாத்துனா தூங்கிடாம இருக்க லாகின்டி.கான்ஃப்ல ஹேண்டில்லிட்ஸ்விட்ச் = இக்னோர். ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி போட்டுடுங்க. லேப்டாப்புக்கு அதோட பேட்டரியே யூபிஎஸ்தான்.

எல்லாம் முடிஞ்சதும் கடைசியா ஒரு சோதனை, இத பண்ணாம யாருக்கும் லிங்க் அனுப்பாதீங்க. லேப்டாப்ப ஷட்டவுன் பண்ணுங்க, வீட்டு மெயின ஆஃப் பண்ணி ரவுட்டர் யூபிஎஸ்ஸையும் பிடுங்குங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு எல்லாத்தையும் போட்டு லேப்டாப்பையும் ஆன் பண்ணிட்டு, டெர்மினல் பக்கமே போகாம கைய கட்டிட்டு நில்லுங்க. அஞ்சு நிமிஷத்துல, போன்ல வைஃபைய நிறுத்திட்டு மொபைல் டேட்டாவுல மூணு சப்டொமைனும் தெறக்கணும். நான் இத பண்ணப்ப வெண்ணாறும் பாமணியும் வந்துடுச்சு, கோரையாறு வரல, இம்மிச் கம்போஸ் ஃபைல்ல ரீஸ்டார்ட் ஆல்வேஸ்னு இருக்க வேண்டிய வரிய நானே எப்பயோ அழிச்சிருக்கேன். அத போட்டுட்டு திரும்ப மெயின ஆஃப் பண்ண போனேன், உள்ளேந்து "சீரியல் ஓடுதுங்க"ன்னு சத்தம் வந்துச்சு, ஒம்போதரை வரைக்கும் திண்ணையில உக்காந்துட்டு அப்புறம்தான் ஆஃப் பண்ணேன்.